முந்திரிக்கு எங்கிருந்து வந்தது

முந்திரி முதன்முதலாகத் தும்மியபோது என் மார்பின்மேல் சுருண்டு படுத்திருந்தது. சின்னத் தும்மல்தான். நமத்துப்போன தீக்குச்சியை உரசினால் வருமே, அந்த அளவுச் சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. அது மறுபடியும் தும்மியது. தலையைத் தூக்கி, இது என்ன என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தது. மூக்கின் நுனியில் ஒரு சொட்டு நீர் நின்றது.

அந்தச் சொட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வாரங்களில் நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு சொட்டுக்குத்தான்.

முந்திரி ஒரு ஃபெரட் (கீரிப்பிள்ளை போல நீண்ட உடம்பும் குட்டைக் காலும் உள்ள, பூனையைப் போல வீட்டில் வளர்க்கப்படும் பிராணி). நம் ஊரில் இதை வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. என் மகள் ஷீபா பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கினாள். நெய்யில் வறுத்த முந்திரிப் பருப்பின் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். பிறகு அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் விட்டுப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் வருடக்கணக்காக நீண்டுவிட்டது.

நான் அதிகம் பேசாதவன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். வீடு ஆவடிக்கு வெளியே, முத்தாபுதுப்பேட்டையில். வேலை முடிந்து வந்தால் டி.வி. பார்ப்பேன், அல்லது சும்மா உட்கார்ந்திருப்பேன். முந்திரி வந்த பிறகு அதனுடன் உட்கார்ந்திருந்தேன். அதற்கு யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் தூங்கும். சாயங்காலம் எழுந்து, கால் உறையையோ தலைமுடி கிளிப்பையோ திருடிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கும். சந்தோஷம் வந்தால் தொண்டைக்குள் குக்குக்கென்று சத்தம் போட்டபடி பக்கவாட்டில் துள்ளும்.

என் மனைவி பிலோமினா அதைத் தொட்டதே இல்லை. அதன் உடம்பில் இயல்பாகவே ஒரு வாடை உண்டு. அது அவளுக்கு ஆகாது. "உங்க சின்னப் பொண்ணு ஏந்துட்டா, போய்ப் பாருங்க" என்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் முந்திரிக்கும் உள்ள உறவு.

அந்த வருடம் மார்கழியில் எங்கள் தெரு நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நோயில் விழுந்தன. டீக்கடை வாசலில் கிடக்கும் கறுப்பனுக்குத்தான் முதலில் வந்தது. கண்ணில் பீளை கட்டியது. மூக்கில் மஞ்சளாகச் சளி ஒழுகியது. பிறகு, எதையோ மெல்லுவதுபோல அதன் தாடை தானாக ஆடத் தொடங்கியது. நிற்கும்போது ஒரு கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. நாய்களுக்குச் சோறு வைக்கும் எதிர்வீட்டு ரெஜினாக்கா ஒரு மருத்துவரை அழைத்துவந்து காட்டினார். டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் வைரஸ் நோய், முதலில் மூச்சையும் குடலையும், பிறகு நரம்பையும் தாக்கும்) என்று மருத்துவர் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அந்தப் பெயரைக் கைபேசியில் தேடிப் படித்தேன். ஃபெரட்டுக்கும் அந்த நோய் வரும் என்று இருந்தது. வந்தால் பிழைப்பது மிக அரிது என்றும் இருந்தது. நாயைத் தொட்ட கை, நாய் படுத்த இடத்தை மிதித்த செருப்பு, இவற்றின் வழியாகக்கூட வீட்டுக்குள் வரலாமாம். தடுப்பூசி போட்டாயிற்று என்று கடையில் சொன்னார்கள் என்றாள் ஷீபா. அதை நிச்சயமாகச் சொல்ல யாரும் இல்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் மாறியது. செருப்பு கேட்டுக்கு வெளியே. வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்து நனைத்த சாக்கு. அதை மிதித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வந்ததும் கை கால் கழுவி, உடுப்பு மாற்ற வேண்டும். நான் டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். பிலோ பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகள் வகுப்புக்கு ஆயாவாக இருக்கிறாள். நாளெல்லாம் நின்றுவிட்டு வருபவளை வாசலில் நிறுத்திச் சாக்கை மிதிக்கச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்.

"ஆஸ்பத்திரி ஆப்பரேசன் ரூம்புல கூட இந்த அலம்பல் கெடையாது. நான் இன்னா என் ஊட்டுக்கு வரேனா, வேற யார் ஊட்டுக்கோ வேல கேட்டு வரேனா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே சாக்கை மிதித்தாள்.

அதே சமயத்தில் எனக்குச் சளி பிடித்தது. பேக்கிங் பிரிவில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்துகொண்டன.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சளி பிடித்தால் அதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். தலைக்குக் குளித்தது. பனியில் நின்றது. தயிர் சாப்பிட்டது. தண்ணீர் மாறியது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டுவோம், மனதுக்குள் ஏற்க மாட்டோம். கொரோனா காலத்தில் ஏற்றுக்கொண்டோம். அது ஓய்ந்ததும் சளி பழையபடி பனிக்கும் தயிருக்கும் போய்விட்டது. இந்தத் தடவை பிலோ கண்டுபிடித்த காரணம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசைக்கு நான் ஈரத்தலையோடு போனது. எனக்கும் அது சரியென்றே பட்டது.

லீவு சொல்லிவிட்டுப் படுத்தேன். எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறேன் என்று முந்திரியின் கூண்டைக் கூடத்திலிருந்து என் படுக்கையறைக்கு மாற்றினேன். ஜன்னலைச் சாத்தினேன். கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தேன். தெருவில் இருக்கும் எதுவும் உள்ளே வர முடியாது என்று நிம்மதியாக இருந்தது. என் உடம்புச் சூடு பிடித்துப்போய் முந்திரி கூண்டுக்குத் திரும்பவே இல்லை. என் போர்வைக்குள் புகுந்து, என் கழுத்தில் மூக்கை வைத்துத் தூங்கியது. அதற்கு ஒரு பழக்கம் உண்டு. நான் வாயைத் திறந்தால் கிட்டே வந்து உள்ளே முகர்ந்து பார்க்கும். நான் சாப்பிட்டது என்னவென்று தெரிந்துகொள்வதற்காக இருக்கலாம். அந்த நாட்களில் அதையும் தாராளமாகச் செய்தது.

பிறகுதான் அந்தத் தும்மல்.

மறுநாள் அது சாப்பிடவில்லை. கோழி ஈரலைக் காட்டினால் எங்கிருந்தாலும் ஓடிவரும். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணில் நீர் கோத்திருந்தது. வயிறு சுட்டது. தூக்கினால் ஈரத்துணிபோலக் கையில் தொங்கியது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தில் இரண்டு சொட்டு விடலாம் என்றாள் பிலோ. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. மருந்தைச் சொட்டுக்குழாயில் எடுத்தும்விட்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று ரெஜினாக்கா கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அறிமுகம் இல்லாதவர்களுக்குப் போன் செய்வது எனக்கு மிகவும் கஷ்டமான காரியம். அன்று அந்தக் கஷ்டத்தைப் பட்டது நல்லதாயிற்று. எடுத்தது ஆவடியில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், ஃபெரட்டுக்கும் அதே ஆபத்து உண்டு, ஒரு சொட்டுகூட வேண்டாம், உடனே கொண்டுவாருங்கள் என்றார். நான் மருந்தைக் குழாயடியில் கொட்டினேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நம் மாத்திரை நமக்குத்தான்.

நானும் முந்திரியும் ஆட்டோவில் போனோம். கூண்டின்மேல் துண்டு போட்டு மடியில் வைத்திருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா அண்ணாத்தே கூண்டுல? கீரியா?"

கீரி இல்லை, ஃபெரட் என்றேன்.

"பேரு இன்னாவோ வச்சிக்க. கீரி வளத்தா ஃபாரஸ்ட்காரன் வந்து உன்னயும் கூண்டுல போட்டுகினு போய்டுவான். பாத்து."

வெளிநாட்டுப் பிராணி, வளர்க்கலாம் என்று முணுமுணுத்தேன். அவர் நம்பவில்லை. அப்போது முந்திரி தொடர்ந்து தும்மியது. அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"தோடா, சளி புட்சிகீது பாவம். பனியில வுட்டியா?"

அவரும் எங்களைப் போலத்தான்.

கிளினிக் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் தாடை கறுப்பனுடையதைப் போலவே ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு, ஓட்டுநர் மூலம் மருத்துவரை வெளியே வரும்படி சொல்லியனுப்பினேன். அவர் கைகளைக் கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்கே வந்து பார்த்தார். இந்தப் பிராணியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்று மறைக்காமல் சொன்னார். காய்ச்சல் அளந்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். உங்கள் தெருவில் டிஸ்டெம்பர் இருக்கிறது, அதனால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றார். நகரத்துக்குள் இருக்கும் பெரிய கால்நடை மருத்துவமனைக்கு மறுநாளே கொண்டுபோகச் சொன்னார். உடம்பில் நீர் வற்றாமல் இருக்கத் தோலுக்கடியில் சலைன் (உப்புநீர்க் கரைசல்) ஏற்றினார்.

போகும்போது கொஞ்சம் தயங்கி நின்றார். "சார், அதுதான்னு உறுதியானா, நரம்புக்குப் போறதுக்கு முன்னாடி, கஷ்டப்படாம முடிச்சு வைக்கிற ஊசியைப் பத்தியும் பேச வேண்டி வரும். மனசைத் தயார் பண்ணிக்கோங்க."

வீட்டுக்கு வந்து பிலோவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கிண்டலாகச் சொல்லவில்லை. கூண்டுக்கு முன்னால் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். நாளைக்கு நானும் வருகிறேன் என்றாள். ஷீபா வழக்கம்போலச் சாயங்காலம் வீடியோவில் அழைத்தாள். தூங்குகிறது என்றேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அழவில்லை. கேமராவை முந்திரியின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் பேசாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். தட்டு கழுவும் சத்தம் எங்கள் அறையில் கேட்டது.

பெரிய மருத்துவமனையின் நடைபாதையில் மாடு, ஆடு, கிளி, சேவல் எல்லாம் தத்தம் ஆட்களோடு காத்திருந்தன. நாய்களிடமிருந்து தள்ளி, மருந்து வாங்கும் ஜன்னலுக்கு அருகில் நின்றோம். எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். ஃபெரட்டைப் பிடிக்கத் தெரிந்தவர். தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. முந்திரி முரண்டு பிடிக்கவில்லை.

மோவாயைத் தூக்கிப் பார்த்தார். பாதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி விரலால் அழுத்தினார். டிஸ்டெம்பர் வந்தால் ஃபெரட்டுக்கு மோவாயில் தடிப்பும் பொருக்கும் வரும், பாதம் கெட்டிப்படும், மூக்கு ஒழுகல் கெட்டியாகும் என்று விளக்கினார். இதற்கு இன்னும் அப்படி எதுவும் இல்லை, ஆனால் ஆரம்பத்தில் இருக்காமலும் போகலாம் என்றார்.

அந்த நேரத்தில் நான் இருமினேன். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை.

அவர் முந்திரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எவ்வளவு நாளாக இருமல் என்று கேட்டார். மரியாதைக்கு விசாரிக்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை என்றேன். ஈரத்தலையோடு பூசைக்குப் போனதை பிலோ சொன்னாள். அவர் விடவில்லை. காய்ச்சல் இருந்ததா, உடம்பு வலித்ததா, வேலை செய்யும் இடத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

"இது எங்க தூங்கும்?"

நான் பிலோவைப் பார்த்தேன்.

"அவரு கழுத்துல" என்றாள் பிலோ.

மருத்துவர் இழுப்பறையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "போட்டுக்கோங்க சார். இது உங்களுக்காக இல்ல, இதுக்காக."

பிறகு சொன்னார். மனிதர்களுக்கு வரும் இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) பெரும்பாலான வீட்டுப் பிராணிகளுக்கு எளிதில் ஒட்டாது. ஃபெரட்டுக்கு அப்படியே ஒட்டும். நம்மைப் போலவே தும்மும், காய்ச்சல் அடிக்கும், சாப்பாட்டை வெறுக்கும். ஆராய்ச்சிக்கூடங்களில் ஃப்ளூவைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்தப் பிராணியைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடும்.

"நாய்கிட்டேர்ந்து காப்பாத்தக் கதவைச் சாத்துனீங்க. கதவுக்கு உள்ள நீங்க இருந்தீங்க" என்றார்.

தலை குனிந்துகொண்டேன். அவர் குரல் தணிந்தது.

"நான் திட்டல சார். உங்ககிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னா, இப்போதைக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. அப்படியே இருக்கட்டும்னு நினைச்சுக்கோங்க."

மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, இரண்டு நோய்க்குமான பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரச் சில நாள் ஆகும். அதுவரை நான் முந்திரியின் அறைக்குள் போகக் கூடாது. வீட்டுக்குள்ளும் முகக்கவசம். பிலோவுக்குச் சளி இல்லாததால், கைகழுவி, முகக்கவசம் போட்டு, அவள்தான் ஊட்ட வேண்டும்.

இப்படியாக, மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் இடத்தில் எனக்கு வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பொதுவாக ஒருவருக்கு நோய் வந்தால், நம்மால் வந்ததாக இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வோம். நான் நேர்மாறாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, என்னிடமிருந்து வந்ததாகவே இருக்கட்டும். என் இருமலாக இருக்கட்டும். என் மூச்சாக இருக்கட்டும்.

கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். பிலோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கோழியை எலும்பில்லாமல் வேகவைத்து, சாறோடு சேர்த்து மாவாக அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துப் போவாள். இத்தனை நாள் தொடாத பிராணியை எப்படிப் பிடிப்பாளோ என்று பயந்தேன். ஆனால் சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கு ஊட்டுவது அவளுடைய அன்றாட வேலை. முந்திரியைத் துண்டில் கழுத்துவரை சுற்றி, மடியில் இடுக்கிக்கொண்டு, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்.

"ஆ காட்டு. இன்னும் ஒரு வாய். உங்கப்பன் சீக்கக் குடுத்துட்டு வெளிய கவர்ச்சியா மாஸ்க் போட்டுகினு நிக்கிறான். நான் உனக்குச் சேவகம் செய்யறேன். முழுங்கு. ம்ம், சமத்து."

ஊட்டி முடித்ததும் அதன் மோவாயையும் கால்களையும் பார்த்து உள்ளிருந்தே குரல் கொடுப்பாள். "மோவா சுத்தமா கீது. காலு மெத்துனு கீது." காலையில் அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஒருநாள் கதவுக்கு அடியில் அடைத்திருந்த துண்டை முந்திரி உள்ளே இழுத்துவிட்டது. அந்த இடைவெளியில் முன்கால் ஒன்றை நீட்டித் துழாவியது. நான் ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் காலை உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்குக் காய்ச்சல் அடித்த நாட்களில்கூட உடம்பு இவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

இதற்கிடையில் வேறொரு சங்கடம். லீவை நீட்டிக்கப் போன் செய்தபோது, ஒரு கீரி மாதிரிப் பிராணிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வீட்ல உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னேன். பேக்கிங் பிரிவு முழுக்க அது பிலோவாகிவிட்டது. கூட வேலை செய்யும் தனசேகர் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கொரட்டூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டான். கதவைத் திறந்தது பிலோ. கையில் சிரிஞ்சு.

"இன்னா அண்ணி, உங்களப் படுத்த படுக்கைன்னு சொன்னாங்க. ஊசிய நீங்களே போட்டுக்குறீங்களா?"

பிலோ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "எனக்கொண்ணும் இல்ல தம்பி. உங்க அண்ணன்தான் என்னப் படுக்கப் போட்டுட்டாரு. நோயாளி உள்ள தூங்குது" என்றாள்.

தனசேகர் விவரம் தெரிந்து சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் உடனே எழுந்து, அவனை வாசலோடு நிறுத்தி, ஒரு முகக்கவசத்தை நீட்டினேன். அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். என்ன அண்ணே, பனிக்குப் பிடித்த சளிதானே என்றான். நான் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு நேரம் விளக்கிப் பேசியதில்லை. பனி இல்லை தனசேகர், நீ எனக்குக் கொடுத்தாய் அல்லது நான் உனக்குக் கொடுத்தேன் என்றேன். அவன் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டான். ஹார்லிக்ஸை பிலோ வைத்துக்கொண்டாள்.

மருத்துவர் அழைத்தபோது நான் வாசலில் சாக்கை அலசிக்கொண்டிருந்தேன். டிஸ்டெம்பர் இல்லை என்று முதலில் சொன்னார். அடுத்த வாக்கியத்தை அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஃப்ளூதான். நீங்கதான் சார்."

நான் அங்கேயே, ஈரத்தில், படியில் உட்கார்ந்துவிட்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. பிலோ வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். நான்தான், என்னிடமிருந்துதான் என்று சொன்னேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெருமையா வேற சொல்றாரு பாரு" என்றாள்.

அதன் பிறகு எல்லாம் மெதுவாக, ஆனால் ஒரே திசையில் போயிற்று. காய்ச்சல் இறங்கியது. தும்மல் குறைந்தது. ஈரலைத் தானாகத் தின்றது. ஒரு மாலை பிலோவின் தலைமுடி கிளிப்பைக் காணவில்லை. அவள் வீடு முழுக்கத் திட்டிக்கொண்டே தேடினாள். கட்டிலுக்கு அடியில் கிடைத்ததும் அதை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு வந்து, ஷீபாவுக்குப் போன் செய்து சொன்னாள். தாயும் மகளும் அதைப் பற்றியே நெடுநேரம் பேசினார்கள்.

கறுப்பன் பிழைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ரெஜினாக்கா மீதி நாய்களுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார். நாய்களைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். முந்திரிக்கும் உடம்பு முழுதாகத் தேறிய பிறகு போட்டோம். நாய்க்குப் போடும் எல்லாத் தடுப்பூசியும் ஃபெரட்டுக்கு ஒத்துக்கொள்ளாது, சில தடுப்பூசிகள் அந்த நோயையே உண்டாக்கிவிடலாம். அதனால் இந்தப் பிராணியைப் பற்றித் தெரிந்த மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் சளியோ காய்ச்சலோ உள்ளவர்கள் ஃபெரட்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். வேறு ஆள் இல்லையென்றால் முகக்கவசமும் சோப்பும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். வெட்கப்படுகிறவன் சொல்கிறேன்.

இத்தனை வயதுவரை என் உடம்பு தோலோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மின்சார ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது, நான் விடும் மூச்சு எதிரில் இருப்பவரின் மடியில் தூங்கும் குழந்தைவரை போகிறது என்று தெரிகிறது. யாரோடும் பேசாமல் ஒதுங்கியே இருந்துவிட்டேன் என்று நினைத்தவன், எல்லோருக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். இது முதலில் பயமாக இருந்தது. இப்போது பயமில்லை. கவனம் மட்டும் இருக்கிறது.

நேரக் கணக்கும் மாறிவிட்டது. ஃபெரட்டின் ஆயுள் சில வருடங்கள்தான். எனக்கு ஒரு சளியோடு போன அந்த வாரங்கள் அதன் வாழ்க்கையில் ஒரு நீண்ட பருவம். நான் வேலையிலிருந்து அரைமணி தாமதமாக வந்தால், அதற்கு அது எவ்வளவு நேரம் என்று இப்போது யோசிக்கிறேன். நேராக வீட்டுக்கு வருகிறேன்.

என் இருமல் முழுதாக நின்று, அதற்குப் பிறகும் சில நாள் கழித்து, மருத்துவர் சரி என்று சொன்ன மாலையில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனேன். முகக்கவசம் இல்லை. தரையில் உட்கார்ந்தேன். முந்திரி போர்வையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. ஓடிவரவில்லை. நடந்து வந்தது. முழங்காலில் ஏறி, சட்டையைப் பற்றிக்கொண்டு மேலே வந்து, மீசை என் உதட்டில் படும்படி நின்று, வாய் திறக்கக் காத்திருந்தது.

எனக்கே தெரியாமல் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிலோ கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்ச வுடுங்க. அதான் டாக்டரு சொல்லிட்டாங்க இல்ல" என்றாள்.

மெதுவாக விட்டேன். முந்திரி அதை முகர்ந்தது. மதியம் நான் சாப்பிட்ட மீன் குழம்பைக் கண்டுபிடித்துவிட்டது போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது.